கார்த்திகை மூட்டத்தில் வீட்டுக்குள் புதினா, மல்லி, துளசி: ஜன்னலா, கண்ணாடி ஓடா, ஷீட்டா, டியூப் லைட்டா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் இருக்கும் என் சித்தி போன ஐப்பசியில் போன் செய்து, "மக்கா, புதினா நல்லா உசரமா வளருது, ஆனா கையில கசக்கினா மணமே இல்ல" என்றார். ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிற வீடு. தொட்டி அடுக்களைக்குள் இருக்கிறது. செடி உயரமாவதை வளர்ச்சி என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் அந்தச் செடி வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டிருந்தது. கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், தண்டு நூல் மாதிரி ஆகும், இலை வெளிறிச் சிறுக்கும், மணம் குறையும். வெளிச்சம் போதாத செடியில் வாசனை எண்ணெய் அவ்வளவாக ஊறுவதில்லை.

இந்த நிலையில் பலரும் கேட்பது ஒன்றுதான்: செடிக்கென்று விற்கிற விளக்கை வாங்கிவிடலாமா? வேறு சிலர், ஓட்டு வீட்டில் இரண்டு கண்ணாடி ஓடு போட்டால் போதாதா என்கிறார்கள். மாடியில் ஷீட் போடலாமா என்பவர்களும் உண்டு. நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தோ, பக்கத்தில் இருந்து பார்த்தோ இருக்கிறேன். நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு விளக்கு கடைசியாக யோசிக்க வேண்டியது என்பது என் எண்ணம். ஆனால் சில வீடுகளுக்கு அதைத் தவிர வேறு வழியில்லை.

## நம் ஊர்க் குளிர்காலத்தில் குறைவது எது?

வீடியோக்களில் வருகிற ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வருகின்றன. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில். இங்கே டிசம்பரில் மிகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழ 11 மணி 40 நிமிடம் இருக்கும். ஜூனில் மிக நீண்ட பகலைவிட அது சுமார் ஒரு மணி நேரம்தான் குறைவு. செடியைக் கருக்குகிற பனியும் நமக்கு இல்லை.

அப்புறம் ஏன் செடி நூலாகிறது? இரண்டு காரணங்கள்.

ஒன்று, மூட்டம். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு இருண்ட மாதங்கள். மார்கழி பாதியில் வானம் வெளுக்கத் தொடங்கும், தையில் நல்ல வெயில் வந்துவிடும். ஆகவே நாம் சமாளிக்க வேண்டியது எட்டு முதல் பத்து வாரம். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும்முன் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

இரண்டு, சூரியன் தெற்கே போவது. கன்னியாகுமரிக் கடற்கரையில் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே தெரிவதற்குக் காரணமும் இதுதான். டிசம்பர் 21 வாக்கில் நேர் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. நண்பகலில் உச்சிக்கு வராமல் தெற்கு வானில் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. ஜூனில் இது தலைகீழ். அப்போது நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஆனி, ஆடியில் அருமையாக வளர்ந்த வடக்கு ஜன்னல் செடி கார்த்திகையில் சோர்வதைப் பார்த்து, செடிக்கு வயதாகிவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். தெற்கு ஜன்னலுக்கு மாற்றியிருந்தால் அது பிழைத்திருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

வழிகளை எடைபோட எனக்கு ஐந்து கேள்விகள் போதும். இலைக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேரும்? மூட்டமான நாளிலும், கரண்ட் போன நாளிலும் அது நிற்குமா? முதலில் எவ்வளவு செலவு, மாதாமாதம் எவ்வளவு? தினம் நம் கை எவ்வளவு வேலை செய்ய வேண்டும்? வாடகை வீட்டில் செய்ய முடியுமா?

வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாம். நண்பகலில் தொட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, ஒரு சாண் மேலே கையைப் பிடியுங்கள். விரல்கள் பிரிந்து கூர்மையாக நிழல் விழுந்தால் துளசிக்கும் போதும். கை உருவம் மங்கலாகத் தெரிந்தால் புதினாவும் கற்பூரவள்ளியும் தாங்கும். நிழலே விழவில்லை என்றால் அங்கே எதுவும் வளராது, இருக்கிற இலையைத் தின்று கொஞ்ச நாள் உயிரோடிருக்கும், அவ்வளவுதான்.

நம் கண்ணை இதில் நம்பக் கூடாது. மங்கலுக்கும் பிரகாசத்துக்கும் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்: வெறும் வெயிலில் 1,00,000 லக்ஸ், மூட்டமான நாளில் வெட்டவெளியில் 10,000 லக்ஸ் வாக்கில் இருக்கும். விளக்குப் போட்ட அடுக்களை நடுவில் 300 லக்ஸ் வந்தால் பெரிது. நமக்கு அது நல்ல வெளிச்சம், செடிக்கு அந்திப்பொழுது.

## ஜன்னல்

செலவில்லாதது, அதனாலேயே அலட்சியப்படுத்தப்படுவது. திசை சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பெரும்பாலும் காலையில் வெயில் அடித்து, மதியத்துக்கு மேல் மேகம் கூடி, சாயங்காலம் இடியோடு கொட்டும். அதனால் இந்த மாதங்களில் என் முதல் தேர்வு கிழக்கு ஜன்னல். சூரியன் தென்கிழக்கிலிருந்து ஏறுவதால் தடுக்க மரமோ மாடியோ இல்லையென்றால் மூன்று, நான்கு மணி நேரம் நேர் வெயில் கிடைக்கும். மேற்கு ஜன்னலுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தை மேகம் எடுத்துக்கொள்ளும். வடக்கு ஜன்னலில் டிசம்பரில் நேர் வெயிலே விழாது.

தெற்கு ஜன்னலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சன்ஷேடு இருக்கிறது. நம் வீடுகளில் மழைச்சாரலுக்காக இரண்டு அடி நீட்டிக் கட்டுவது வழக்கம். ஜன்னலுக்கு நேர் மேலே அப்படி ஒரு சன்ஷேடு இருந்தால் டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் மூன்றேகால் அடி கீழே இறங்கும். ஜன்னல் உயரம் நாலடி என்றால் வெயில் படுவது அடியில் முக்கால் அடிக்கு மட்டும். நவம்பர் நடுவில் அதுவும் இல்லை, நண்பகல் நிழல் நாலடியையும் மூடிவிடும். காலை ஒன்பது, ஒன்பதரைக்குச் சூரியன் தாழ்ந்து இருப்பதால் டிசம்பரில் நிழல் இரண்டரை அடிக்குச் சுருங்கும். இதிலிருந்து இரண்டு பாடம். தெற்கு ஜன்னலில் தொட்டியை மேல் கம்பியில் தொங்கவிடாதீர்கள், அடித்தட்டிலேயே வையுங்கள். முடிந்தால் வெளியே தள்ளிய கிரிலில் வையுங்கள். ஒரு சாண் வெளியே போனாலும் கிடைக்கிற வானம் கூடும்.

ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளினால் வெளிச்சம் மளமளவென்று விழுந்துவிடும். மேடை அழகாக இருக்கிறதே என்று தொட்டியை அங்கே கொண்டுபோய் வைப்பதில்தான் நிறைய பேருக்குச் செடி போகிறது.

காசில்லாத மேம்பாடுகள் சில உண்டு. கண்ணாடியைத் துடையுங்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புப் படலம் படியும், கண்ணாடியில் மட்டுமல்ல, இலையிலும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கொசுவலையும் ஒரு பங்கு வெளிச்சத்தைக் குடிக்கும், பகலில் திறந்து வைக்கலாம். செடிக்குப் பின்னால், அறைப்பக்கமாக, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் வீணாக உள்ளே போகிற வெளிச்சம் இலையின் மறுபக்கத்துக்குத் திரும்பும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்ப வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு தட்டில்தான். சுவர் நனையாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் தட்டு வைப்போம். அதில் தேங்கும் தெளிந்த தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். தினமும் கொட்ட வேண்டும், அல்லது மணல் நிரப்பி வைக்க வேண்டும்.

## கண்ணாடி ஓடு

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு பாசம் உண்டு, எனக்கும்தான். இருட்டு அடுக்களையில் அந்த ஒரு துண்டு வெயில் விழுவது கண்ணுக்கே குளிர்ச்சி. ஆனால் செடிக்கு அது எவ்வளவு தரும் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓட்டுக்கு நேர் கீழே தொட்டியை வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. செடியிலிருந்து ஓடு எட்டடி உயரத்தில் இருந்தால், டிசம்பர் நண்பகலில் வெயில் துண்டு ஓட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தடி தள்ளி விழும். ஜூனில் தெற்கே இரண்டடி தள்ளி விழும். தவிர அது ஓர் இடத்தில் நிற்காது, மணிக்கு இரண்டடிக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காக நகரும். ஒரு தொட்டிக்கு நாளில் அரை மணி நேரம் வெயில் கிடைத்தால் பெரிய விஷயம். கிழக்கு மேற்காக வரிசையாக நான்கைந்து ஓடு போட்டால்தான் அது வளர்ச்சிக்கு உதவும். ஒன்றிரண்டு ஓடு, ஏற்கெனவே ஜன்னல் வெளிச்சம் இருக்கிற செடிக்குத் துணை மட்டுமே.

ஓடு மாற்ற ஆள் கூப்பிட வேண்டும். மழைக்காலத்தில் கூரையில் ஏறினால் பக்கத்து ஓடுகள் உடையும், அப்புறம் ஒழுகும். செய்வதானால் புரட்டாசிக்கு முன்பே. ஆண்டுக்கொருமுறை மேலே பாசியைத் தேய்க்கவும் வேண்டும்.

## மாடியில் அல்லது முற்றத்தில் தெளிவான ஷீட்

"வீட்டுக்குள்" என்ற சொல்லைக் கொஞ்சம் தளர்த்தினால் மிகச் சிறந்த வழி இதுதான். மல்லியைக் கெடுப்பது நேராக அடிக்கிற மழையும், தேங்குகிற தண்ணீரும். தலைக்கு மேலே மழையை மட்டும் தடுத்து, வெளிச்சத்தை உள்ளே விட்டால் போதுமே.

மூட்டமான நாளில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. ஜன்னல் பார்ப்பது வானத்தில் ஒரு சின்னத் துண்டை. ஷீட்டுக்கு அடியில் இருக்கிற செடியோ முழு வானத்தையும் பார்க்கிறது. கார்த்திகையில் வெயிலே இல்லாத ஒரு வாரத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

தெளிவான பாலிகார்பனேட் ஷீட்டும் இரும்புச் சட்டமும் போட்டால் சில ஆயிரம் ஆகும். புறஊதாப் பூச்சு இல்லாத மலிவு ஷீட் இரண்டு, மூன்று வெயில்காலத்தில் மஞ்சளாகிவிடும், பிறகு அது நிழல் ஷீட்தான். நம் ஈரக்காற்றில் பாசி படரும். நத்தை வரும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டும். மாசி, பங்குனியில் அடியில் வெக்கை ஏறும், அப்போது கழற்ற முடிகிற மாதிரிச் சட்டம் இருக்க வேண்டும். காற்று இன்னொரு கவலை. ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் அடிக்கிற காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்கக் கூரைகள் பறந்ததைப் பார்த்தவர்கள் ஷீட்டை நாலு ஆணியில் விட்டுவிட மாட்டார்கள்.

## வெள்ளை எல்.இ.டி. டியூப்

அடுக்கு மாடி வீட்டில் வடக்கு ஜன்னல் மட்டும் இருப்பவர்கள், ரப்பரும் தென்னையும் சூழ்ந்த வீட்டில் இருப்பவர்கள், பக்கத்துச் சுவர் மூன்றடியில் நிற்பவர்கள் ஆகியோர் இங்கேதான் வந்து சேர வேண்டும். சித்தி வீட்டுக்கும் கடைசியில் இதைத்தான் செய்தோம்.

எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிற நாலடி, 20 வாட் வெள்ளை டியூப் போதும். பெட்டியில் 2,000 லூமென் (டியூப் வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு) என்று போட்டிருக்கும். விலை இருநூறு, முந்நூறு ரூபாய் வாக்கில். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இரண்டும் இருக்கின்றன.

எல்லாம் தூரத்தில்தான் இருக்கிறது. நான் முதல் வருஷம் சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டி, இரண்டு வாரம் காத்திருந்து, செடியைத் தொலைத்தேன். கணக்குப்படி ஒரு டியூப், ஒரு சாண் கீழே 3,500 லக்ஸ் அளவுக்குத் தரும். ஒரு முழம் தள்ளினால் அதில் பாதி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டியூப் போட்டு, செடியின் நுனியிலிருந்து ஒரு சாணுக்குள் நிறுத்தினால் மல்லியும் புதினாவும் நன்றாக வரும். துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் இதில் உயிரோடிருக்கும், செழிக்காது. அடுக்களை அலமாரியின் அடிப்பலகையில் திருகிவிடலாம், அல்லது சங்கிலியில் தொங்கவிட்டுச் செடி வளர வளர உயர்த்தலாம்.

எத்தனை மணி நேரம்? புதினாவுக்கு 12 முதல் 14. மல்லிக்கு 12 தாண்டக் கூடாது. பகல் நீண்டால் மல்லி இலையை விட்டுப் பூவுக்குப் போய்விடும்; அதிக வெளிச்சம் நல்லதென்று 16 மணி நேரம் போட்டு, இரண்டாவது அறுப்பு கிடைக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். காலை ஆறுக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணையுங்கள். ஒரு டைமர் சுவிட்ச் வாங்கிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

மின்செலவு: இரண்டு டியூப், 12 மணி நேரம் என்றால் நாளுக்கு அரை யூனிட். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 29 யூனிட் வரும். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் உங்கள் வீடு ஏற்கெனவே 480 யூனிட் ஓடுகிறதென்றால் யோசிக்க வேண்டும். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிகளுக்கும் விகிதம் மாறுகிறது. அந்த 29 யூனிட் பில்லைத் திடீரென்று தூக்கிவிடும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒக்கிக்குப் பிறகு பல ஊர்களில் நாள் கணக்கில் இருட்டு. நாலைந்து நாள் வெளிச்சம் குறைந்தால் செடி சாகாது. அந்த நாட்களிலும் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினால் சாகும். விளக்குக்காக இன்வெர்ட்டரைக் காலி செய்ய வேண்டியதில்லை. வயரை மட்டும் கவனியுங்கள்: பிளக் தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், வயர் நடுவில் கீழே தொய்ந்து ஏறட்டும், சொட்டுகிற தண்ணீர் பிளக்குக்கு ஓடாது.

## செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கு

வேலை செய்யும், நம் தேவைக்கு அவசியமில்லை. கிளிப் மாதிரி வருவது ஒரு தொட்டிக்குத்தான் காணும். பெட்டியில் பெரிதாகப் போட்ட வாட் ஒன்று, உண்மையில் இழுக்கிற வாட் வேறொன்றாக இருப்பதுண்டு. சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அந்த ஊதா ஒளியில் இலை மஞ்சளாவதும் பூச்சி வந்ததும் கண்ணுக்குத் தெரியாது, அடுக்களையில் மீன் வெட்டவும் முடியாது. விதை முளைக்கவைக்கத் தனி மூலை ஒதுக்குகிறவர்களுக்குச் சரி.

## செடியையே மாற்றுவது

இதை ஒரு வழியாக யாரும் எண்ணுவதில்லை, எண்ண வேண்டும். துளசி மழைக்குப் பயப்படாது. தண்ணீர் வடிகிற மாடத்தில் வெளியிலேயே நிற்கட்டும். கறிவேப்பிலையும் அப்படியே. வீட்டுக்குள் இந்தப் பத்து வாரத்துக்குக் கற்பூரவள்ளி, வெற்றிலை, இஞ்சித் தழை என்று நிழல் தாங்குபவற்றை வைக்கலாம். வெந்தயத்தை ஒரு தட்டில் ஈர மணலில் தூவினால் ஒரு வாரம், பத்து நாளில் தளிராகவே அறுக்கலாம். விதையில் இருக்கிற சத்திலேயே பாதி வளர்ந்துவிடும், ஜன்னலோர மங்கல் வெளிச்சம் போதும். மல்லியை அந்த இரண்டு மாதம் வடசேரிச் சந்தையில் வாங்கிக்கொள்வதில் ஒரு தோல்வியும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | மூட்டத்தில் | முதல் செலவு | மாதச் செலவு | கைவேலை | வாடகை வீட்டில் |
|---|---|---|---|---|---|
| கிழக்கு, தெற்கு ஜன்னல் | நடுத்தரம் | இல்லை | இல்லை | திருப்புவது, தட்டு கொட்டுவது | முடியும் |
| கண்ணாடி ஓடு | குறைவு | ஆள்கூலியோடு நடுத்தரம் | இல்லை | வருஷம் ஒருமுறை | முடியாது |
| தெளிவான ஷீட் | மிக நன்று | அதிகம் | இல்லை | பாசி, நத்தை, காற்று | உரிமையாளரைக் கேட்டு |
| இரண்டு வெள்ளை டியூப் | நன்று, கரண்ட் இருந்தால் | குறைவு | 15 யூனிட் | உயரம் மாற்றுவது | முடியும் |
| ஊதா விளக்கு | ஒரு தொட்டிக்கு நன்று | நடுத்தரம் | குறைவு | குறைவு | முடியும் |
| செடியை மாற்றுவது | நன்று | மிகக் குறைவு | இல்லை | குறைவு | முடியும் |

## யாருக்கு எது

நாகர்கோவில் அடுக்கு மாடியில் கிழக்கோ தெற்கோ திறந்த ஜன்னல் இருந்தால் அதையும் தெர்மாகோல் அட்டையையும் வைத்து ஒரு பருவம் பாருங்கள், காசை எடுக்காதீர்கள். அதே கட்டடத்தில் வடக்குப் பார்த்த வீடு என்றால் நேராக இரண்டு டியூப். சொந்த வீடு, வெயில்படுகிற மாடி, வருஷம் முழுக்கக் கீரையும் வேண்டும் என்பவர்களுக்கு ஷீட்டுக்கான பணம் வீணாகாது. ஆனி, ஆடி மழைக்கும் அது உதவும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மரங்களுக்கு அடியில் இருக்கிற வீட்டில் ஷீட் போட்டாலும் மேலே இருப்பது இலைதான், வானம் இல்லை. அங்கே டியூப், அல்லது கற்பூரவள்ளி. கண்ணாடி ஓட்டை, எப்படியும் கூரை மாற்றப் போகிற வருஷத்தில் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் ஒன்று பொது: வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். வெயில் நாளில் தினம் ஊற்றிய கை மூட்டத்திலும் அப்படியே ஊற்றும். கார்த்திகையில் வேர் அழுகிப் போகிற தொட்டிகளைப் பார்த்தால், பாதிக்கு மேல் வெளிச்சக் குறையால் தொடங்கித் தண்ணீரால் முடிந்தவை. விரலை ஒரு கணு மண்ணில் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

தை பிறந்து வானம் தெளிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுச் செடியை அப்படியே மொட்டை வெயிலில் தூக்கி வைக்காதீர்கள். நிழலில் வளர்ந்த இலை ஒரே மதியத்தில் கருகும். முதல் மூன்று நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு பத்து மணி வரை. ஒரு வாரத்தில் பழகிவிடும். நூலாக நீண்ட புதினாத் தண்டுகளை அப்போது மண்ணிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு வெட்டி, வெட்டியதைத் தண்ணீரில் போட்டு வேர்விடச் செய்யுங்கள். சித்தி வீட்டில் இப்போது ஆறு தொட்டி நிற்பது அப்படி வந்ததுதான்.